யாராக வந்து இறங்கப் போகிறீர்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கதை எழுதுகிறீர்கள், நாலைந்து பிரசுரமாகியிருக்கின்றன, இப்போது கம்பெனி உங்களை இரண்டு வருஷத்துக்கு ரங்கூனுக்கு மாற்றுகிறது. வெளிநாட்டில் இருந்து பார்த்தவர்களின் எழுத்துக்கு ஒரு விரிவு வரும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், ஊரை விட்டுப் போனால் எழுத்து வற்றிவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார், எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, 'இதுவரை நான் திருச்சியைத் தாண்டியதில்லை' என்று, எனக்கென்னவோ அதுதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. எழுத வேண்டிய சரக்கெல்லாம் வேறெங்கோ கொட்டிக்கிடக்கிறது, நமக்குத்தான் கைக்கு வரவில்லை என்ற ஏக்கம். வேலைக்கு வருவதா வேண்டாமா என்பதை நீங்களும் வீட்டாரும் பேசிக்கொள்ளுங்கள். நாட்டு நிலவரம் உங்களுக்கும் செய்தியில் வரும். எழுத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் எழுத்தாளன் இல்லை. ரங்கூனில் பிறந்து, பர்மியத்துக்கும் தமிழுக்கும் இடையே முப்பது வருஷமாகப் பத்திரம், கடிதம், எப்போதாவது ஒரு கதை என்று மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். சாயங்காலம் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே வந்து போகும் தமிழ்நாட்டுக்காரர்கள் தங்கள் பயணக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் ஒரு பார்வை பார்க்கச் சொல்வார்கள். அப்படி நிறையப் படித்திருக்கிறேன். வங்காளமும் ஸ்பானிஷும் எனக்குத் தெரியாது. கீழே அந்த மொழி எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பில் படித்ததை வைத்துத்தான். அதனால் அவர்களுடைய நடையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

ரங்கூன் இந்த விஷயத்துக்கு நல்ல ஊர். ஒரே ஊருக்கு வெவ்வேறு வேலையாக, வெவ்வேறு காலத்துக்கு எழுத்தாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஊர் மாறாமல் ஆள் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். முதலில் ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங். 1889 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தார், ரங்கூனைப் பார்த்தார், தெற்கே இருக்கும் மௌல்மேன் துறைமுகத்தில் கரையிறங்கினார், சில நாட்களில் பினாங்குப் பக்கம் போய்விட்டார். மறு வருஷம் 'மாண்டலே' என்ற பாட்டை எழுதினார். அவர் மாண்டலே போனதே இல்லை. பாட்டின் முதல் வரியில் மௌல்மேன் பகோடா, அதாவது புத்தர் கோயில், கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும். மௌல்மேனுக்குக் கடல் மேற்கே. சீனாவிலிருந்து விரிகுடா தாண்டிச் சூரியன் உதிக்கும்; அந்த விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் சீனா கிடையாது. பகோடாவின் படிக்கட்டில் ஒரு பர்மியப் பெண்ணைப் பார்த்து மயங்கிப்போனதால் பகோடா எப்படி இருந்தது என்றே சரியாக நினைவில்லை என்று தன் பயணக் கடிதத்தில் அவரே கேலியாக ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பர்மா என்றால் ஆங்கிலம் படித்த உலகத்துக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாட்டுதான். சில நாள் தங்கினவன் எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதலாம், புகழும் வரும். அதில் ஊர் இருக்காது, ஊரைப் பார்த்துக் கிறங்கினவன்தான் இருப்பான்.

அடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். நிஜப்பெயர் எரிக் பிளேர். 1922 கடைசியில், பத்தொன்பது வயதில், போலீஸ் அதிகாரியாக வந்து இறங்கினார். 1927 வரை இருந்தார். துவாண்டே, சிரியம், இன்சீன், மௌல்மேன், கடைசியாக வடக்கே காத்தா. சிரியம் ரங்கூனுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே இருந்த எண்ணெய் ஆலையின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. காத்தாவை வைத்து எழுதின நாவல் 'பர்மிய நாட்கள்' 1934-இல்தான் வந்தது, அதாவது வேலையை விட்டு ஏழு வருஷம் கழித்து. ஆனால் நான் உங்களைப் படிக்கச் சொல்வது அதை இல்லை, இரண்டு சின்னக் கட்டுரைகளை.

ஒன்று, 1931-இல் வந்த 'A Hanging'. மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் ஒரு கைதியைத் தூக்குமேடைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். இரண்டு பக்கமும் வார்டர்கள் அவன் தோளைப் பிடித்திருக்கிறார்கள். இன்னும் சில நிமிஷத்தில் சாகப்போகிறவன், வழியில் கிடந்த மழைத்தண்ணீரை மிதிக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நடக்கிறான். அவ்வளவுதான். ஒரு முழு உயிரை அறுப்பது என்றால் என்னவென்று அந்த நிமிஷம் வரை தனக்குப் புரியவில்லை என்கிறார். இதைச் சுற்றுலா வந்தவன் பார்த்திருக்க முடியாது, ஜெயிலுக்குள் அவனை விடமாட்டார்கள். கைதியின் அண்ணன் தம்பியாலும் முடியாது. கைதிக்குப் பின்னால் சீருடையோடு நடந்துபோகிற ஒருவன் கண்ணுக்குத்தான் அந்த ஒதுங்கின கால் தெரியும். அந்தப் பார்வை அவருடைய உத்தியோகம் கொடுத்தது. அந்த உத்தியோகம்தான் அவருக்குப் பிறகு வெட்கமாகவும் ஆனது.

இரண்டாவது, 1936-இல் வந்த யானைக் கட்டுரை, 'Shooting an Elephant'. மௌல்மேனில் மதம் பிடித்த யானை ஒன்று ஒரு ஆளை மிதித்துக் கொன்றுவிடுகிறது. சுற்றி நிற்கும் கூட்டம் என்ன நினைக்குமோ என்பதற்காக, மனசில்லாமல், அந்த யானையைச் சுடுகிறார் கதைசொல்லி. ஆட்சி செய்கிறவனே ஆட்டிவைக்கப்படுகிறவன் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கட்டுரை குறைவு. அவர் நிஜமாகவே யானையைச் சுட்டாரா என்பதில் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களுக்குள் சர்ச்சை உண்டு, அதை விட்டுவிடுவோம். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் செத்த ஆள் யார்? ஒரு கறுத்த திராவிடக் கூலி என்கிறார். சேற்றில் குப்புற, கை இரண்டும் விரிந்து கிடக்கிறான். கண் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது, முதுகுத் தோல் உரிந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக எழுதுகிறார். பெயர் மட்டும் இல்லை. கடைசியில் 'கோரங்கி' என்று ஒரு சொல் வருகிறது. கோரங்கி காக்கிநாடா பக்கத்துப் பழைய துறைமுகம். தெலுங்குக் கூலிகளை இங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு கோரங்கிக் கூலியைவிட யானைக்கு விலை அதிகம் என்று இளவட்ட வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்வதாக முடிக்கிறார்.

அந்தப் பேச்சை அவர் ஏற்கவில்லை, கட்டுரை முழுக்கத் தன்னையே குத்திக்கொள்கிறார் என்பது படிக்கத் தெரிந்த யாருக்கும் விளங்கும். இருந்தாலும், ஐந்து வருஷம் இங்கே இருந்த, நேர்மையான, கண் கூர்மையான ஒரு ஆளுக்கு, எங்கள் தாத்தா மாதிரி ஒருவர் பிணமாகத்தான் கிட்டத்தில் தெரிந்தார். உயிரோடு இருந்தபோது அந்த ஆள் போலீஸ் அதிகாரியின் எதிரில் வந்திருக்கமாட்டார், வந்தாலும் பேசியிருக்கமாட்டார். அது ஆர்வெலின் குறை என்று நான் சொல்லவில்லை. அவர் நின்ற இடம் அப்படி. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்: எத்தனை வருஷம் இருந்தோம் என்பதைவிட, யாராக இருந்தோம் என்பதுதான் கண்ணுக்கு என்ன படும் என்பதை முடிவு செய்கிறது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் வங்காள நாவலாசிரியர் சரத் சந்திரர். 'தேவதாஸ்' எழுதியவர் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அவர் 1903 முதல் 1916 வரை ரங்கூன்வாசி என்பது பலருக்குத் தெரியாது. கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. குடியிருந்தது பொட்டடாங், பஸுண்டாங் பக்கம், பட்டறைத் தொழிலாளிகள் நிறைந்த குடியிருப்பில். அவர்களுக்கு வேலை மனு எழுதிக் கொடுப்பார், சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பண்ணுவார், காசு வாங்காமல் ஹோமியோபதி மருந்து கொடுப்பார். முதல் மனைவியும் குழந்தையும் இங்கேதான் பிளேக்கில் போனார்கள். 1912-இல் வீடு தீப்பிடித்து, 'சரித்ரஹீன்' நாவலின் கையெழுத்துப் பிரதி எரிந்துபோனது. உட்கார்ந்து மறுபடி எழுதினார். சாயங்காலமானால் யாருக்காவது மனு எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தா என்னென்ன கதைகளைக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நானும் மனு எழுதுகிறவன் என்பதால் கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர் ரங்கூனில் உட்கார்ந்து என்ன எழுதினார்? பெரும்பாலும் வங்காளக் கிராமத்தை. கூட்டுக் குடும்பம், விதவைகள், ஊர்க் கட்டுப்பாடு, சாதிப் பெரியவர்களின் சூழ்ச்சி. 'பல்லி சமாஜ்' என்றாலே கிராம சமுதாயம் என்றுதான் அர்த்தம், 1916-இல் வந்தது. பர்மா அவர் எழுத்துக்குள் முழுசாக நுழைந்தது ஊர் திரும்பிய பிறகு. 'ஸ்ரீகாந்தா'வின் இரண்டாம் பாகத்தில் ரங்கூன் கப்பல் வருகிறது, ஏறும் முன் நடக்கும் பிளேக் சோதனையின் அவமானம் வருகிறது. 1926-இல் வந்த 'பதேர் தாபி' ரங்கூனில் நடக்கும் புரட்சிக்காரர் கதை. அரசாங்கம் அதைத் தடை செய்தது. இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் பார்த்திருக்கிறார். ஆர்வெலுக்கும் இதே கதைதான், இங்கிலாந்து போய்த்தான் பர்மாவை எழுதினார். காலதாமதம் ஆகிறது என்பது வருஷக் கணக்கைப் பார்த்தாலே தெரிகிற விஷயம். ஏன் ஆகிறது என்பதற்கு நான் சொல்லும் காரணம் வெறும் ஊகம்: இருக்கும் இடத்தில் நமக்கு அன்றாட வேலை இருக்கிறது, வாடகை இருக்கிறது, பயம் இருக்கிறது. இல்லாத இடத்தைத்தான் மனசு சாவகாசமாகக் கட்டி எழுப்பும்.

பாப்லோ நெருடாவும் 1927-இல் இங்கே வந்தார், இருபத்து மூன்று வயதில், சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக. வேலை என்னவென்றால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கல்கத்தாவிலிருந்து மெழுகும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு சிலிக்குப் போகும் கப்பலுக்குக் காகிதங்களில் முத்திரை குத்துவது. மீதி நாளெல்லாம் தனிமை. பேச ஸ்பானிஷ் தெரிந்தவர் அபூர்வம். அந்தக் காலத்தில் எழுதிய கவிதைகளில் ரங்கூனைத் தேடினால் வெக்கையும் தனிமையும் ஒரு பெண்ணின் பிரிவும்தான் கிடைக்கும். ஊரை விட அவருக்குத் தன் மொழிதான் துணை. சில எழுத்துக்கு அதுவே போதும் போலிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். வெ. சாமிநாத சர்மா 1932-இல் ரங்கூன் வந்தார், பத்து வருஷம் இருந்தார், 'ஜோதி' பத்திரிகை நடத்தினார். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். மொகல் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள், அதாவது அவர்கள் வட்டித்தொழில் நடத்திய கட்டடங்கள். தமிழ்ப் புத்தகம் போட ஆளும் பணமும் இருந்த காலம். அந்தப் பத்து வருஷத்தில் சர்மா எழுதியவை முஸோலினி, ஹிட்லர், அபிசீனியா, ஸ்பெயின் என்று போகும். துறைமுக ஊரில் இருந்துகொண்டு உலகத்தைப் பார்த்திருக்கிறார், பர்மாவை அவ்வளவாக இல்லை. பிறகு 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே ஊர் போனார்கள், வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சர்மாவும் மனைவி மங்களமும் அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள். அதைத்தான் 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று எழுதினார். உலக அரசியல் பேசிய அதே மனிதர், இதில் குடிதண்ணீர், சோறு, இரவு படுக்க இடம், கூட வந்தவர்களின் உடம்பு என்று எழுதுகிறார். பத்திரிகாசிரியராக இருந்த பத்து வருஷத்தில் கண்ணில் விழாத பர்மா, அகதியாக நடந்தபோது விழுந்தது.

ப. சிங்காரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது, அவர் ஊர் பர்மா இல்லை, இந்தோனேசியாவின் மெடான் என்றாலும். சிங்கம்புணரிக்காரர். 1938-இல் பதினெட்டு வயதில் வட்டிக்கடை வேலைக்குப் போனவர். 'புயலிலே ஒரு தோணி'யை 1962 வாக்கில் எழுதி முடித்தார், அச்சேறவே பத்து வருஷம் ஆனது. கடையில் பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்று ஏறிப்போகிற படிகளும், அவர்கள் ராத்திரி பேசிக்கொள்ளும் பேச்சும் கடைக்குள் படுத்துத் தூங்கினவனுக்குத்தான் தெரியும். அதோடு இன்னொன்று: அந்த நாவலில் மதுரையும் சின்னமங்கலமும் வருகிற பக்கங்களைப் படியுங்கள். மதுரையிலேயே இருந்து எழுதியவர்கள் பலருடைய மதுரையைவிட அது துலக்கமாக இருக்கும். தெருத்தெருவாக, கடை கடையாக, ஆள் ஆளாக. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றார்கள். தேடப் போன இடத்தில் ஊர் ஞாபகம் இப்படிச் சேர்ந்துகொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை.

திருச்சியைத் தாண்டாத உங்களுக்கு ஒரு ஆறுதல். பாரதி பிஜித் தீவுக்குப் போனதில்லை. கரும்புத் தோட்டத்துப் பெண்களின் அழுகையைக் கேள்விப்பட்டே எழுதினார். அவருக்கு வாய்த்த வெளிநாடு புதுச்சேரி. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியில், பேச்சும் சாப்பாடும் எல்லாம் தமிழாக இருந்த ஒரு ஊரில், எல்லை தாண்டினால் கைது என்ற நிலையில் இருந்தார். 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் அங்கே பிறந்தவை. சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான் தூரம்.

இனி என் கைப்பட்ட அனுபவம் ஒன்று. முப்பது வயது தாண்டித்தான் முதல் தடவை தமிழ்நாடு வந்தேன். காரைக்குடியில் ஒரு மளிகைக் கடை. சோப்பு வாங்கிவிட்டுப் பணத்தை நீட்டினேன். கடைக்காரர் பணத்தை வாங்காமல் என் கையையே பார்த்தார். "கையில அடிபட்டிருக்கா தம்பி?" என்றார். எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தால், வலது கையால் ரூபாயை நீட்டுகிறேன், இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பர்மாவில் மரியாதைக்கு அப்படித்தான் கொடுப்போம், வாங்குவோம். ரங்கூனில் தமிழன் என்று பெயர் வாங்கி, தமிழ் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்பட்ட எனக்கு, என் முழங்கை பர்மியன் என்பது அந்தக் கடையில்தான் தெரிந்தது. அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து அப்பா என் பள்ளிக்கூடச் சம்பளத்தை நீட்டின கையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். மொழிபெயர்ப்பு அல்லாமல் நான் எழுதினதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

என்னிடம் வரும் பயணக் கட்டுரைகளில் இப்படி ஒரு இடம் வராதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் வருவது ஷ்வேடகோன் பகோடாவின் தங்கம், அப்புறம் 'பர்மியப் பெண்கள் முகத்தில் மஞ்சள் பூசுகிறார்கள்'. அது மஞ்சள் இல்லை, தனக்கா. மரப்பட்டையைத் தண்ணீர் விட்டு வட்டக் கல்லில் சந்தனம் மாதிரி உரைத்துப் பூசுவது. ஆண் குழந்தைகளும் பூசிக்கொள்வார்கள். டீக்கடையில் பையனைக் கூப்பிட முத்தமிடுவது போல உதட்டால் ஒலி எழுப்புவதைச் சிலர் ரசித்து எழுதுவார்கள். வெளியாள் காதில் மட்டும் விழுகிற சத்தம் அது, நான் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னொரு பிழை: பர்மியப் பெயருக்கு முன்னால் வரும் 'ஊ'வை இனிஷியல் என்று நினைத்து, அப்பா பெயர் என்ன என்று கேட்டு எழுதுவது. பிரதமராக இருந்த ஊ நூ, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் என்பதில் 'ஊ' என்றால் மாமா, பெரியவர் என்று வரும். ஒரே ஆளை அம்மா மவுங் (தம்பி) என்பாள், சிநேகிதன் கோ (அண்ணன்) என்பான், தலை நரைத்ததும் ஊரே ஊ என்னும். மாமா, அண்ணே, தம்பி என்று முன்பின் தெரியாதவனையும் முறை வைத்துக் கூப்பிடுகிற நம் ஆட்களுக்கு இது உடனே பிடிபட வேண்டும். பிடிபடுவதில்லை, ஏனென்றால் விமானத்தில் வருகிறவர் கம்பெனி காரில் ஏறி, ஆங்கிலம் தெரிந்த உதவியாளரோடுதான் ஊரைப் பார்க்கிறார்.

நீங்களும் அப்படித்தான் வந்து இறங்குவீர்கள், அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனி அதிகாரி என்ற ஒரே உடுப்போடு இரண்டு வருஷத்தையும் கழிக்காதீர்கள். பர்மிய எழுத்து முப்பத்து மூன்று மெய். மூன்று மாதம் உட்கார்ந்தால் கடைப் பலகை படிக்கலாம். படிக்கத் தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறுகிறவனாக, மார்க்கெட்டில் ஏமாறுகிறவனாக, யாரிடமாவது பாடம் கேட்கிறவனாகக் கொஞ்ச நாள் இருங்கள். எழுத்து வற்றிவிடும் என்று உங்கள் நண்பர் சொன்ன பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எங்கள் தாத்தா சாகும்வரை பேசிய தமிழ், அவர் கப்பல் ஏறின வருஷத்துத் தமிழ். அது அழகாக இருந்தது, ஆனால் அதில் புதுசாக ஒரு சொல் முளைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை, வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது அம்மாவைப் பேசவிட்டுக் கேளுங்கள், போதும்.

முதல் மூன்று மாதம் தினமும் நோட்டில் எழுதுங்கள், அதற்குப் பிறகு உங்கள் கண்ணும் என் காது மாதிரி ஆகிவிடும். என்ன பார்த்தீர்கள் என்று எழுத வேண்டாம், அதைப் பல பேர் எழுதிவிட்டார்கள். எங்கே தப்புச் செய்தீர்கள், யார் எதற்குச் சிரித்தார்கள், முக்கியமாக யார் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். ஆபீசில் 'சயா' (ஆசிரியர், ஐயா) என்பார்கள், என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள். தெருவில் முதுகுக்குப் பின்னால் 'கலா' என்று ஒரு சொல் விழும், இந்தியனைக் குறிப்பது, அன்போடும் சொல்வார்கள், அடிக்கிற மாதிரியும் சொல்வார்கள், தொனியை வைத்துத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் கிழவி என்றைக்காவது 'மவுங்' என்று கூப்பிட்டால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். நோட்டை அச்சுக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், ஜூன் பிறந்தால் இங்கே அலமாரிக்குள் இருக்கிற காகிதத்தில்கூடப் பூஞ்சை ஏறிவிடும்.